ஸ்பிரிங்குக்கு உங்கள் எடை தெரியாது

பட்டறைக் கடிதங்கள்: மண்பாதை பைக் கேள்வி பதில்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன்: "ஷாக்கை மாற்றுவதற்கு முன்னால் தராசில் ஏறி நில்லுங்கள்." அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களால் என் மேசை டிராயரை மூட முடியவில்லை. இந்த மாதம் முழுக்க அந்தக் கச்சேரிதான். இன்ஜின் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

"அண்ணா, என் எடை 94 கிலோ. எக்ஸ்பல்ஸ் 200 4வி ப்ரோ ஓட்டுகிறேன். தென்னந்தோப்பு மண்பாதையில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் பின்பக்கம் 'டங்'கென்று அடிக்கிறது. வளைவில் முன்சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காமல் வெளியே ஓடுகிறது. ப்ரீலோட் நட்டை முறுக்கி ஸ்பிரிங்கை ஹார்டாக்கிப் பார்த்தேன். அப்படியும் சரியாகவில்லை. வெளிநாட்டு ஷாக் வாங்கிவிடலாமா?" – பொள்ளாச்சி வாசகர்

தம்பி, நீங்கள் எழுதியதில் எல்லாம் சரி, ஒரு வரியைத் தவிர. ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் ப்ரீலோட் நட்டை முறுக்கினால் ஸ்பிரிங் ஹார்டாகாது. கயிற்றுக் கட்டிலின் நாலு காலுக்கும் செங்கல் வைத்தால் கட்டில் உயரும், கயிறு இறுகுமா? அதே கதைதான். ஒரு ஸ்பிரிங்கை 1 மில்லிமீட்டர் அமுக்க எத்தனை கிலோ வேண்டும் என்பது அதன் கம்பியின் தடிமனிலும் சுற்றின் எண்ணிக்கையிலும் அகலத்திலும் இருக்கிறது. நட்டு செய்வதெல்லாம் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்துவது மட்டும்தான்.

உங்கள் வண்டியில் முன்னால் 250, பின்னால் 220 மில்லிமீட்டர் ட்ராவல், அதாவது சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று எப்போதாவது அளந்தீர்களா? பைக் ஓட்டுகிறவர்கள் இதை 'சாக்' (sag) என்பார்கள். நான் அமுங்கல் என்றே எழுதுகிறேன். மூன்று அளவு எடுக்க வேண்டும். மூன்று பேர் வேண்டும்: ஓட்டுபவர், வண்டியைப் பிடிப்பவர், டேப் பிடிப்பவர்.

முதலில் வண்டியை இன்ஜினுக்கு அடியில் ஒரு பெட்டி வைத்து ஏற்றி, பின்சக்கரத்தை அந்தரத்தில் தொங்க விடுங்கள். ஆக்ஸில் நட்டின் நடுவிலிருந்து நேர் மேலே சைடு பேனலில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி, கோடு போட்டு, அந்தத் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது முதல் அளவு. அடுத்து வண்டியைத் தரையில் இறக்கி, சீட்டை நாலு முறை அமுக்கி விட்டு, அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மறுபடி அளங்கள். குறைந்திருப்பது வெற்று அமுங்கல். மூன்றாவதாக நீங்கள் ஏறுங்கள். பூட்ஸ், ஹெல்மெட், மார்புக் கவசம், முட்டிக் கவசம், தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும். என்னுடையதை மளிகை மண்டித் தராசில் போட்டுப் பார்த்தேன், இரண்டு லிட்டர் தண்ணீரோடு 11 கிலோ. அதை விட்டுவிட்டு அளப்பது சாப்பாட்டுக்கு முன்னால் சர்க்கரை பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பது மாதிரி. டேங்க்கில் பெட்ரோல் பாதி இருக்கட்டும்; உங்கள் 13 லிட்டர் டேங்க் முழுக்க நிரம்பினால் அதுவே 10 கிலோவுக்குப் பக்கம் வரும். ஃபுட்பெக்கில் நின்று இரண்டு முறை எகிறிவிட்டு, ஓட்டுகிற நிலையில் உட்காருங்கள். அதே இரண்டு புள்ளிகளை அளந்தால், முதல் அளவிலிருந்து இப்போது குறைந்திருப்பது ஆள் அமுங்கல்.

மண்பாதைக்கு ஆள் அமுங்கல் மொத்த ட்ராவலில் 30 முதல் 33 சதவீதம் இருந்தால் நல்லது. உங்கள் 220-க்கு அது 66 முதல் 73 மில்லிமீட்டர். வெற்று அமுங்கல் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை.

உங்கள் எடையிலேயே ஒருவர் போன மாதம் இதே வண்டியோடு பட்டறைக்கு வந்தார். ஆள் அமுங்கல் 84, வெற்று அமுங்கல் 20. நட்டை முறுக்கி ஆள் அமுங்கலை 70-க்குக் கொண்டுவந்தோம். அவர் முகத்தில் சந்தோஷம். "இருங்க சாமி" என்று சொல்லிவிட்டு அவரை இறக்கி வெற்று அமுங்கலை அளந்தேன். 6 மில்லிமீட்டர். கையால் சீட்டைத் தூக்கிக் காட்டினேன், கொஞ்சம்தான் அசைந்தது. வெறும் வண்டியே உச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்றால் குழி வரும்போது சக்கரம் கீழே இறங்கி மண்ணைத் தொட இடமில்லை என்று அர்த்தம்.

இங்கேதான் எல்லாரும் குழம்புவார்கள். வெற்று அமுங்கல் குறைவாக இருந்தால் "ஸ்பிரிங் ரொம்ப ஹார்டு" என்று தோன்றும். நேர்மாறு. ஸ்பிரிங் உங்களுக்கு மெல்லியது. அந்த மெல்லிய ஸ்பிரிங் உங்களைத் தாங்குவதற்காக அதை ஏற்கனவே அளவுக்கு மேல் நெரித்து வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் வண்டி மட்டும் நிற்கும்போது அசைய மாட்டேன் என்கிறது. ஆள் அமுங்கலைச் சரியாக வைத்த பிறகு வெற்று அமுங்கல் குறைந்தால் கெட்டி ஸ்பிரிங் வேண்டும், கூடினால் மெல்லிய ஸ்பிரிங் வேண்டும். இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

வளைவில் முன்சக்கரம் வெளியே ஓடுவதும் இதனால்தான். பின்பக்கம் உட்கார்ந்துவிட்டால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் முன்னால் சாய்ந்து நீளும், முன்சக்கரத்தின் மேல் பாரம் குறையும், ஹேண்டில் சோம்பேறி ஆகிவிடும். பின் ஸ்பிரிங்கைச் சரி செய்தால் பாதி நோய் அங்கேயே தீரும். ஃபோர்க்கிலும் ஆளோடு 50 முதல் 60 மில்லிமீட்டர் அமுங்குகிறதா என்று பாருங்கள். அதிகமென்றால் அதற்கும் ஸ்பிரிங்தான்.

ஸ்பிரிங் எங்கே கிடைக்கும்? கோவையில் அளவு சொன்னால் சுற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். உள்விட்டம், தளர்வான நீளம், எத்தனை கிலோவுக்கு எத்தனை மில்லிமீட்டர், இந்த மூன்றும் கேட்பார்கள். இப்போதிருக்கும் ஸ்பிரிங்கை ஷாக்கிலிருந்து கழற்றி, ஒரு தராசின் மேல் நிறுத்தி, பட்டறை பிரஸ்ஸால் 10 மில்லிமீட்டர் அமுக்கினால் தராசு காட்டுவதைப் பத்தால் வகுத்துக்கொள்ளலாம். வீட்டில் செய்யாதீர்கள், ஸ்பிரிங் நழுவினால் பல் போகும்.

வெளிநாட்டு ஷாக் பற்றி: அது எவ்வளவு விலையானாலும் ஏதோ ஒரு ஸ்பிரிங்கோடுதான் வரும். வாங்கும்போது எடையைச் சொல்லாவிட்டால் தங்க நிற ஷாக்கிலும் அதே 'டங்' கேட்கும்.

"நான் 49 கிலோ. ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் 250 சிசி மோட்டோகிராஸ் பைக் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். சின்னக் கல்லில் ஏறினால்கூட கை அதிர்கிறது. நேர் பாதையில் ஹேண்டில் ஆடுகிறது. கால் தரையில் எட்டவில்லை. லோயரிங் லிங்க் போடலாமா அண்ணா?" – ஈரோடு வாசகி

கண்ணு, வண்டியைத் தாழ்த்துகிற அந்த லிங்க் முதலில் வேண்டாம். அதைப் போட்டால் ஷாக் சக்கரத்தோடு சேர்ந்து நகரும் கணக்கே மாறிவிடும். அப்புறம் எது எதனால் வருகிறது என்று யாருக்கும் புரியாது.

உங்கள் கடிதத்தோடு வைத்திருந்த அளவுகளைப் பார்த்தேன். (மற்றவர்களும் இப்படி அனுப்பினால் எனக்குத் தலைவலி குறையும்.) ஆள் அமுங்கல் 88, வெற்று அமுங்கல் 45. அந்த வண்டியில் ட்ராவல் கிட்டத்தட்ட 300. ஆளோடு 100 முதல் 105-ம், வெறுமனே 30 முதல் 40-ம் வேண்டும். நட்டைத் தளர்த்தி 100-க்கு இறக்கினால் வெற்று அமுங்கல் 57 ஆகிவிடும். மேலே சொன்ன கணக்கில் இது அந்தப் பக்கம்: ஸ்பிரிங் உங்களுக்கு ரொம்பக் கெட்டி. மோட்டோகிராஸ் வண்டியின் ஸ்பிரிங்கை 75 முதல் 85 கிலோ வரையுள்ள ஆளை நினைத்துத்தான் பெரும்பாலும் போடுகிறார்கள். கேடிஎம் மோட்டோகிராஸ் கையேட்டைத் திறந்தால் 65–75, 75–85, 85–95 என்று எடை வாரியாக ஸ்பிரிங் பட்டியலே இருக்கும். நீங்கள் பட்டியலுக்கே வெளியே இருக்கிறீர்கள். வண்டியை விற்றவரிடம் கேளுங்கள், அவர் 90 கிலோவாக இருந்து ஏற்கனவே கெட்டி ஸ்பிரிங் போட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

பின்பக்கம் உயர்ந்து நிற்பதால் ஃபோர்க் செங்குத்தாகி, நேர் பாதையில் ஹேண்டில் ஆடுகிறது. முன்னும் பின்னும் மெல்லிய ஸ்பிரிங் போட்டால் அதிர்வு, ஆட்டம் இரண்டும் குறையும், வண்டியும் உங்களுக்குக் கீழே கொஞ்சம் இறங்கும். அதற்குப் பிறகும் எட்டவில்லை என்றால் சீட் நுரையை மெத்தைக் கடைக்காரரிடம் கொடுத்து 20 மில்லிமீட்டர் சீவச் சொல்லுங்கள். ஒரு காலை மட்டும் ஊன்றி, இடுப்பை அந்தப் பக்கம் நகர்த்தி நிறுத்துவதைப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு காலும் பதிய உட்கார்ந்து மோட்டோகிராஸ் ஓட்டுகிற ஆள் யாரையும் நான் பார்த்ததில்லை.

"ஃபோர்க் ஆயிலை 20 டபிள்யூ கனத்துக்கு மாற்றினால் ஸ்பிரிங் செலவு மிச்சமாகும் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். உண்மையா?" – தாராபுரம் வாசகர்

மிச்சமாகும். வலி கூடும். ஆயில் வண்டியைத் தாங்காது, அசைவின் வேகத்தை மட்டும் அடக்கும். கனமான ஆயில் ஊற்றினால் அமுங்குவதும் மெதுவாகும், திரும்பி எழுவதும் மெதுவாகும். கூரான கல்லில் மோதினால் எண்ணெய் துளை வழியே ஓட நேரமில்லாமல் அடி நேராகக் கைக்கு வரும். ஆனாலும் நின்ற இடத்தில் வண்டி அதே அளவுதான் அமுங்கியிருக்கும்.

இன்னொன்று, ஆயில் டப்பாவில் போட்டிருக்கும் டபிள்யூ எண் ஒரு கம்பெனிக்கு ஒன்று மாதிரி. 40 டிகிரி சூட்டில் ஆயிலின் கனம் எத்தனை சென்டிஸ்டோக் என்று பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் பாருங்கள்.

கடைசிப் பகுதியில் மட்டும் ஃபோர்க் முட்டுகிறது என்றால், ஆயிலின் கனத்தை விட்டுவிட்டு ஆயில் மட்டத்தை 5 மில்லிமீட்டர் உயர்த்திப் பாருங்கள். மேலே இருக்கும் காற்று இடம் குறைவதால் கடைசியில் மட்டும் இறுகும். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுக்க இறக்கி வைத்து, மேல் விளிம்பிலிருந்து ஆயில் வரைக்கும் அளக்க வேண்டும்.

"ஃபோர்க்குள் ஸ்பிரிங் மேல் பிவிசி பைப் துண்டு வைக்கிறார்களே, அது தப்பா? ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டினால் ஹார்டாகும் என்றும் சொல்கிறார்கள்." – சத்தியமங்கலம் வாசகர்

என் வலது காறை எலும்பில் இதற்கான பதில் இருக்கிறது.

90-களில் சுசுகி ஷோகன் பைக்கில் மண் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு போட்டிக்கு முந்தின நாள் ராத்திரி, ஃபோர்க் ரொம்ப இறங்குகிறது என்று தோன்றி, வீட்டுத் தண்ணீர்க் குழாயில் மிச்சமிருந்த பிவிசி பைப்பில் இரண்டு அங்குலம் வெட்டி இரண்டு பக்கமும் சொருகினேன். யாரும் சொல்லித் தரவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. காலையில் தள்ளிப் பார்த்தால் ஃபோர்க் இரும்பு உலக்கை மாதிரி நின்றது. நண்பர்கள் எல்லாம் "ஹார்டாயிடுச்சு" என்று பாராட்டினார்கள். மூன்றாவது சுற்றில் செம்மண்ணில் பிரேக் பிடித்துப் பிடித்து உண்டான குழி வரிசை. முன்சக்கரம் முதல் குழியின் மேட்டில் எகிறியது, அடுத்த குழிக்குள் இறங்கவே இல்லை. இறங்க ட்ராவல் இருந்தால்தானே? மூன்றாவது மேட்டில் நான் ஹேண்டிலுக்கு முன்னால் போய்விட்டேன். காறை எலும்பு இரண்டு துண்டு.

ஃபோர்க் கம்பெனியே உள்ளே ஸ்பேசர் வைக்கும். அதை அஞ்சு பத்து மில்லிமீட்டர் கூட்டிக் குறைப்பது தப்பில்லை, அமுங்கலை அளந்துவிட்டுச் செய்தால். நான் வைத்தது 50. சுற்று வெட்டுவது வேறு: சுற்று குறைந்தால் ஸ்பிரிங் நிஜமாகவே கெட்டியாகும். ஆனால் வெட்டிய முனை தட்டையாக உட்காராமல் குழாயின் உள்சுவரைச் சுரண்டும். அந்தத் தூள் முதலில் ஆயிலில் கலக்கும், அப்புறம் சீலைக் கிழிக்கும்.

"என் எடை 78 கிலோ. உங்கள் பைக்கில் கம்ப்ரஷன், ரீபவுண்ட் எத்தனை க்ளிக்கில் வைத்திருக்கிறீர்கள்? அதையே நானும் வைத்துக்கொள்கிறேன்." – ஓசூர் வாசகர்

என் மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன் என்கிறீர்கள். எண் சொல்ல மாட்டேன், எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறேன். கம்ப்ரஷன் ஸ்க்ரூ ஷாக் அமுங்கும் வேகத்தை அடக்கும், ரீபவுண்ட் ஸ்க்ரூ அது திரும்பி எழும் வேகத்தை அடக்கும்.

முதலில் இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்க்ரூவை வலது பக்கம் மெதுவாக முறுக்கி, நிற்கும் வரை எத்தனை க்ளிக் என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். முடிவில் அழுத்தாதீர்கள், உள்ளே இருக்கும் ஊசி முனை நசுங்கிவிடும். பிறகு வண்டியோடு வந்த புத்தகத்தில் சொல்லியிருக்கும் எண்ணுக்குத் திருப்பி வையுங்கள். அமுங்கல் சரியான பிறகுதான் இதையெல்லாம் தொட வேண்டும். ஸ்பிரிங் தப்பாக இருக்கும்போது க்ளிக் திருகுவது, மாவு புளிக்காமல் தோசைக்கல்லைக் குறை சொல்வது.

ஐந்து நிமிடத்தில் சுற்றி வரக்கூடிய ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு சுற்று சும்மா ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். குளிர்ந்த ஷாக்கும் சூடான ஷாக்கும் ஒன்றல்ல. அப்புறம் ரீபவுண்டில் மட்டும் கை வையுங்கள். ஒரு மேட்டைத் தாண்டியதும் சீட் உங்கள் பின்பக்கத்தில் உதைத்தால் ரீபவுண்ட் வேகம் அதிகம், இரண்டு க்ளிக் உள்ளே. வரிசையான குழிகளில் முதல் இரண்டு நன்றாக இருந்து, போகப் போக வண்டி தாழ்ந்து இறுகிக்கொண்டே போனால் ரீபவுண்ட் மெதுவாக இருக்கிறது. அடுத்த குழி வருவதற்குள் ஷாக்கால் எழுந்து நிற்க முடியவில்லை. இரண்டு க்ளிக் வெளியே. கெட்டி ஸ்பிரிங் மாற்றியவர்கள் கவனியுங்கள், அது பலமாகத் திருப்பி அடிக்கும், ரீபவுண்டைக் கொஞ்சம் உள்ளே வைத்தே ஆக வேண்டும்.

கம்ப்ரஷனில் சில ஷாக்குகளுக்கு 'லோ ஸ்பீட்', 'ஹை ஸ்பீட்' என்று இரண்டு இருக்கும். இது வண்டியின் வேகம் இல்லை, ஷாக்கின் தண்டு நகரும் வேகம். முதல் கியரில் ஊர்ந்து போய்க் கூரான கல்லில் ஏறினால் அது ஹை ஸ்பீட். எண்பதில் போகும்போது மெதுவாக அலை மாதிரி ஏறி இறங்கும் பாதை லோ ஸ்பீட். நான் ஹை ஸ்பீடை வருடத்துக்கு ஒரு முறைதான் தொடுவேன்.

ஃபோர்க் தண்டில் ஒரு ஜிப் டையை லேசாகச் சுற்றி விடுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் அது எங்கே தள்ளப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு ட்ராவல் உபயோகமானது என்று தெரியும். பெரிய குழியிலோ ஜம்ப்பிலோ சுற்றுக்கு ஒரு முறை லேசாக முட்டுவது நல்லதுதான். ஒருபோதும் முட்டாத சஸ்பென்ஷனில் காசு கொடுத்து வாங்கிய ட்ராவல் சும்மா கிடக்கிறது.

"15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். முதலில் எதை மாற்றுவது?" – கோபிசெட்டிபாளையம் வாசகர்

எதையும் மாற்றாதீர்கள், முதலில் கழற்றுங்கள். ஷாக்கைப் பின்சக்கரத்தோடு இணைக்கும் லிங்க்கேஜ் பேரிங்குகளைக் கழற்றிப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று? வண்டியைப் பிரஷர் வாட்டரில் கழுவுகிறவர் என்றால் உள்ளே கிரீஸுக்குப் பதில் செம்மண் குழம்பு இருக்கும். இறுகின பேரிங்கோடு அமுங்கலை அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் வரும். பேரிங், சீல், ஃபோர்க் ஆயில் முதலில். மிச்சத்தில் ஸ்பிரிங். அதற்கும் மேல் இருந்தால் ஷாக்கின் உள்ளே ஆயில் ஓட்டத்தை அடக்கும் ஷிம் என்ற மெல்லிய தகடுகளின் அடுக்கை உங்கள் எடைக்கு மாற்றித் தரும் ஆளிடம் கொடுங்கள். ஷாக்கில் நைட்ரஜன் அழுத்தத்தில் இருக்கும், அதை நீங்களே திறக்காதீர்கள்.

"மகனுக்கு 12 வயது. 85 சிசி மோட்டோகிராஸ் ஓட்டுகிறான். போன வருடம் 34 கிலோ, இப்போது 43. வண்டி பழையபடி இல்லை, பயமாக இருக்கிறது என்கிறான்." – கோவை, ஒரு தாய்

பையன் சரியாகத்தான் சொல்கிறான் அம்மா. 34 கிலோவில் 9 கிலோ கூடுவது என்பது பெரியவருக்கு 20 கிலோ கூடின மாதிரி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கதவு நிலையில் உயரம் குறிப்பீர்கள் இல்லையா, அன்றைக்கே அமுங்கலையும் அளந்துவிடுங்கள். அந்த வண்டியில் காற்று ஃபோர்க்காக இருந்தால் முன்பக்கத்துக்கு ஸ்பிரிங் செலவில்லை, அதற்கென்று இருக்கும் சின்னப் பம்ப்பால் எடைக்குத் தகுந்த அழுத்தம் ஏற்றினால் போதும். ஓட்டுவதற்கு முன்னால், ஃபோர்க் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். சூடானால் அழுத்தம் தானாகவே ஏறும். பின்னால் ஸ்பிரிங் மாற்ற வேண்டியிருக்கும். பழைய ஸ்பிரிங்கை எறியாதீர்கள், அடுத்து வளர்கிற பையன் வீட்டுக்கு விற்றுவிடலாம்.

"குட்டியானையில் பைக்கைக் கட்டி எடுத்துப் போகும்போதெல்லாம் ஃபோர்க் சீல் கசிகிறது." – உடுமலை வாசகர்

ஃபோர்க்கை முழுக்க இறக்கிக் கட்டுகிறீர்கள். முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே சரியான அளவுக் கட்டை ஒன்று வைத்து, அதன் மேல் மட்டும் இறுகும்படி பெல்ட்டைக் கட்டுங்கள். இறங்கிய இடத்தில் உடனே பெல்ட்டை அவிழ்த்துவிடுங்கள். கசிகிற சீலைப் புதிதாக மாற்றுவதற்கு முன்னால், மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றை சீலின் உதட்டுக்குள் விட்டு ஒரு சுற்று சுற்றி எடுத்துப் பாருங்கள். பல நேரம் ஒரு மணல் துகள்தான் வெளியே வரும்.